எம்பிஏ கல்லூரி தேடிய ஒன்றரை வருடம்: கல்விக்கடன் மேஜையிலிருந்து ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் 26 வருடமாக எழுத்தராக இருக்கிறேன். பதவி உயர்வோடு மாறுதலும் வரும் என்பதால் இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. இந்த 26-இல் கடைசி 11 வருடம் கல்விக்கடன் மேஜை. மே பிறந்தால் ஆகஸ்ட் முடிய என் முன்னால் கோப்புகளும், கோப்புகளைக் கையில் பிடித்தபடி அப்பா அம்மாமாரும்தான்.

அதனால் எம்பிஏ கல்லூரிகளை எனக்குக் கட்டடமாகவோ விளம்பரமாகவோ தெரியாது. தவணையாகத் தெரியும். எந்தக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் கணக்கில் மாதம் ஐந்தாம் தேதி பணம் வந்து நிற்கிறது, எந்தக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் கணக்கு 90 நாள் தாண்டி வாராக்கடன் பட்டியலுக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து வந்த அறிவு. போன வருடம் என் மகளுக்கே கல்லூரி தேட வேண்டி வந்தது. அந்த அலைச்சலில் கண்டதையும் மேஜையில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இந்த வருடம் விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தால் அவர்கள் வீட்டுக்கு இது உதவ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் ஒரு கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழை போட்டிருக்கிற ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, ரெண்டு நாளுக்குள்ள அம்பதாயிரம் கட்டலேன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிருமாம். அவிய போன் மேல போன் போட்டுச் சொல்லுதாவ" என்றார். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரி. இரண்டு வருடத்துக்கு 14 லட்சம் கட்டணம். பையனிடம் இருந்த வழவழப்பான புத்தகத்தில் 'உச்ச சம்பளம்' என்று ஒரு பெரிய எண், '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று கொட்டை எழுத்து. தேர்வு என்ன எழுதினான் என்று கேட்டேன். ஏதோ ஒரு ஓட்டலில் குழு விவாதம் வைத்தார்களாம், அன்றைக்கே தேர்வாகிவிட்டானாம்.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது என் கையில் இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பையனுக்கு ஒரு நிதி நிறுவனத்தில் விற்பனை வேலை, ஆண்டுக்கு 6 லட்சம். கையில் விழுந்தது மாதம் 38 ஆயிரம். தவணை 22 ஆயிரம். அந்நியப் பட்டணத்தில் மீதி 16 ஆயிரத்தில் அவன் எப்படிக் குடியிருப்பான்? கொஞ்ச நாளில் தவணையை அப்பா கட்ட ஆரம்பித்தார். தார் வெட்டிய வாரம் வருவார், ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகளோடு. பையன் கெட்டிக்காரன், நல்ல பிள்ளை, உழைப்புக்கு அஞ்சாதவன். அவன்மீது எந்தக் குற்றமும் இல்லை. அவனுக்கு யாரும் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த அப்பாவுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வகுப்பு தொடங்கும் முன் சேர்க்கையை விட்டு விலகினால், செயல்முறைக் கட்டணமாக அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 'கட்டியது போய்விடுமே' என்ற பயத்திலேயே எத்தனையோ வீட்டில் பிடிக்காத கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள்.

இனி என் மகள். பாளையங்கோட்டையிலேயே பி.காம். பத்தாம் வகுப்பில் 94 சதவீதம், பன்னிரண்டில் 91, பட்டத்தில் 79. ஐஐஎம் என்ற மத்திய அரசு மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வை முதல் தடவை 2023 நவம்பரில் எழுதி 81 பெர்சென்டைல் வாங்கினாள். பெர்சென்டைல் என்பது மதிப்பெண் இல்லை என்பதை எங்கள் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் எழுதுகிற தேர்வில் 81 என்றால் அவளுக்கு முன்னால் 50 ஆயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள். அவள் அழவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி வேலைக்குச் சேர்ந்தாள், ராத்திரி படித்தாள். 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுதினாள். மதுரையில் மையம். முந்தின நாள் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் நானும் அவளும் ஏறினோம். மொத்தம் 2 மணி நேரம், 68 கேள்வி, மூன்று பகுதிக்கும் தலா 40 நிமிடம். ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக முடியாது. விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகளில் தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். வெளியே வந்தவள் "எம்மா, இந்தத் தடவ விட வேண்டிய கேள்விய விட்டுட்டேன்" என்றாள். டிசம்பரில் 93 வந்தது.

சேர்க்கை விஷயத்தில் கல்லூரிகளை ஒப்பிட்டால் எனக்குத் தோன்றியது இது: நம்மைத் தேர்வு, கட்டுரை, நேர்காணல், பழைய மதிப்பெண் என்று நாலு சல்லடையில் சலிக்கிற இடத்துக்குத்தான் வேலை கொடுக்கிற நிறுவனங்களும் நம்பி வருகின்றன. அவர்களுடைய சலிக்கிற வேலையில் பாதியைக் கல்லூரியே செய்து வைத்திருக்கிறது. போன் போட்டு அழைக்கிற இடத்தில் அந்த வேலை நடக்கவில்லை.

பழைய ஐஐஎம்கள் பக்கம் எங்களுக்கு வழியில்லை என்பது 93-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவற்றின் முறையை உட்கார்ந்து படித்தோம். அகமதாபாத்தும் கல்கத்தாவும் 1961-இல் தொடங்கியவை, பெங்களூர் 1973-இல். கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் எடை உண்டு. பெங்களூரில் வேலை அனுபவத்துக்கும் உண்டு. பொறியியல் அல்லாத பட்டம், பெண் பிள்ளை என்பதற்குப் பல ஐஐஎம்கள் சற்றே கூடுதல் மதிப்பெண் கொடுக்கின்றன. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை இருபத்துமூன்று வயதில் வந்து கணக்குக் கேட்கும் என்று நம் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் நாங்களே தடுக்கி விழுந்தோம். தமிழ்நாட்டில் நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஐஐஎம்களுக்கும் என்ஐடிக்கும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (பதவியிலும் வருமானத்திலும் மேல்தட்டு) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். நம் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். 27 சதவீத ஒதுக்கீடு அந்த ஒரு காகிதத்தில் நிற்கிறது. முதல் தடவை விண்ணப்பத்தில் பள்ளிக்கூட காலத்து அட்டையை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். இரண்டாம் தடவை ஆகஸ்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து வாங்கினேன். என் வேலை எழுத்தர் நிலை என்பதால் அந்தச் சான்றிதழ் எங்களுக்குக் கிடைத்தது. பொதுத்துறை வங்கி அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு 2017-க்குப் பிறகு அது கிடைப்பதில்லை.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி பற்றி எங்கள் ஊரில் தெரியாதவர்கள் அதிகம். நமக்கு அது அந்நியம் இல்லை. 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கிய அதே சேசு சபைதான் 1949-இல் அதையும் தொடங்கியது. சென்னை லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா மேலாண்மைக் கல்லூரியும் அவர்களுடையதே, 1979-இல் வந்தது. எக்ஸ்எல்ஆர்ஐக்கு கேட் செல்லாது, ஜனவரியில் எக்ஸ்ஏடி (XAT) என்ற தனித் தேர்வு எழுத வேண்டும். முடிவெடுக்கும் திறனுக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. மனிதவளப் படிப்புக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். கட்டணம் 30 லட்சத்தை ஒட்டி.

டெல்லி எஃப்எம்எஸ் மட்டும் கிடைத்திருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். 1954-இல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகத்து மேலாண்மைத் துறை. இரண்டு வருடப் படிப்புக்கும் சேர்த்துக் கட்டணம் 3 லட்சத்துக்குள். 2023-இல் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தாவில் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 30 லட்சத்தைத் தாண்டியபோது இங்கும் தாண்டியது. அங்கெல்லாம் கட்டணம் 25 லட்சத்துக்கு மேல். ஒரு கடன் மேஜைக்காரி கண்ணுக்கு இந்தியாவில் இதைவிட நல்ல எம்பிஏ கிடையாது. ஆனால் அதற்கு 98, 99 வேண்டும்.

ஐதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) கல்லூரியின் முதன்மைப் படிப்பு வேலை பார்த்தவர்களுக்கு. ஒரு வருடப் படிப்பு, ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு, கட்டணம் 35 லட்சத்துக்கு மேல். என் மகளுக்குப் பொருந்தாது என்பதால் அதற்குள் நாங்கள் போகவில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் நேர்காணல்கள். புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து கேப் என்ற பெயரில் ஒரே பொது நேர்காணல் நடத்துகின்றன. ஒரு தடவை போய் உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் கணக்கு. இன்னும் இரண்டு இடங்கள் தனியாக அழைத்தன. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்ப் போய் அந்த ரயில்காரர்களுக்கே எங்கள் முகம் பழகியிருக்கும்.

ஒரு நேர்காணலில் நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். "உங்க ஊர்ல என்ன தொழில்?" என்று கேட்டிருக்கிறார்கள். அல்வா என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்கள் போல. இவள் பீடி என்றாள். என் அம்மா முக்கூடலில் 30 வருடம் பீடி சுற்றியவள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேத்திக்குக் கதை சொன்னவள். இலையும் தூளும் கம்பெனிக் கடையில் எடை போட்டு வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, ஆயிரக்கணக்கில் கட்டி ஒப்படைக்கிற முறையை இவள் சொல்லியிருக்கிறாள். உடனே ஒருவர், "பீடிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு?" என்றார். அப்போது 28 சதவீதம். "சிகரெட்டுக்கு?" அதற்கும் 28, ஆனால் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி உண்டு, பீடிக்குச் செஸ் கிடையாது என்றாள். ஏன் அந்த வித்தியாசம் என்று பத்து நிமிடம் போனது. சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், விலை ஏறினால் முதலில் குறைவது அவர்களுக்குத் தரும் இலைதான் என்று ஆச்சி சொன்னதை இவள் சொன்னாள். இன்னொருவர், அப்படியானால் அந்தப் பெண்களுக்கு வேறு வேலை ஏன் வரவில்லை என்று கேட்டார். அதற்கு அவளிடம் முழுப் பதில் இல்லை, இல்லையென்றே சொன்னாள். அந்த நேர்காணலில் அவளுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பதில்களை விட, பிள்ளை தன் வீட்டைச் சுற்றி நடப்பதைத் தெரிந்து வைத்திருப்பது அங்கே மதிக்கப்படுகிறது. ஒரு வருடம் ஜிஎஸ்டி வேலை பார்த்ததும் கைகொடுத்தது.

ஜூன் மாதம் கையில் இருந்தவை: வடக்கே ஒரு புதிய ஐஐஎம், திருச்சி என்ஐடியின் எம்பிஏ, திருச்சி பிம் (பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்), காத்திருப்புப் பட்டியல் நகர்ந்து வந்த ஐஐஎம் திருச்சி. கூடவே நாங்கள் விண்ணப்பமே போடாத ஒரு தனியார் கல்லூரி, உதவித்தொகை தருகிறோம் என்று தினமும் கூப்பிட்டது. நாலாவது நாள் நானே எடுத்தேன். போன வருடம் படித்து வெளியேறியவர்களின் மீடியன் சம்பளம் என்ன, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டேன். மேலாளர் பேசுவார் என்றார்கள். பிறகு அழைப்பு வரவில்லை.

மீடியன் என்ற இந்தச் சொல்லை எல்லா வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜைக்கு வருகிற அப்பாமாருக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஐந்து பிள்ளைகள் படித்தார்கள். நாலு பேருக்கு 6 லட்சம், ஒருவனுக்கு 46 லட்சம். கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 14 லட்சம். அந்த 14 லட்சத்தை வாங்குகிறவர் அந்த வகுப்பிலேயே யாரும் இல்லை. வரிசையில் நிற்கவைத்து நடுவில் நிற்கிற பிள்ளையைக் கேட்டால் 6 லட்சம் என்பான். அவன் சம்பளம்தான் மீடியன். நம் பிள்ளை எங்கே நிற்பான் என்று தெரியாதபோது நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அந்த எண் எங்கே கிடைக்கும்? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வருகிறது. எல்லோரும் எத்தனையாவது இடம் என்று மட்டும் பார்க்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரத்தாளைத் திறந்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் என்ன என்று வருடவாரியாக இருக்கும். கல்லூரியே தன் கையால் கொடுத்தது. விளம்பரப் புத்தகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சில கல்லூரிகளில் இரண்டும் ஒரே கல்லூரியா என்று சந்தேகம் வரும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்கவும் கூடாது. 2024-இல் பெரிய இடங்களிலேயே ஆளெடுப்பு மந்தமாக இருந்தது, மூன்று வருடம் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

ஐஐஎம் அகமதாபாத் முன்னெடுத்த ஐபிஆர்எஸ் என்ற அறிக்கை முறை இன்னும் நேர்த்தி. நிலையான ஊதியம், ஒரே ஒரு தடவை மட்டும் வரும் சேர்க்கைப் பணம், உறுதியாகக் கைக்கு வரும் மொத்தம், எல்லாம் கூடிவந்தால் கிடைக்கக்கூடிய உச்சம் என்று பிரித்துப் போட்டு, தணிக்கையும் செய்கிறார்கள். எந்தக் கல்லூரி அறிக்கையில் இப்படிப் பிரித்துப் போடுகிறதோ அதை நம்பலாம். '100 சதவீதம்' என்பதிலும் கவனம் வேண்டும். வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தவர்களில் 100 சதவீதமா, சேர்ந்த எல்லோரிலுமா என்று கேட்க வேண்டும்.

சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காக நிறுவனம் வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தம் என்று சொல்லும் தொகையும் முழுதாகக் கையில் வருவதில்லை. 12 லட்சம் என்றால் அதில் ஒன்றரை லட்சம் வேலையைப் பொறுத்து வரும் பணம், நிறுவனம் கட்டும் பிஎஃப், பணிக்கொடை எல்லாம் அடங்கியிருக்கும். பிள்ளை பங்கு பிஎஃபும் போனால் மாதம் 75 ஆயிரம் அளவில் விழும்.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஐஐஎம் திருச்சிக்கு 20 லட்சம் கடன். படிக்கும் இரண்டு வருடமும் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி நிற்காது. ஒன்பதரை சதவீதத்தில் அந்த வட்டி மட்டும் 4 லட்சத்துக்கு மேல் சேர்ந்து, 24 லட்சத்துக்கு 10 வருடத் தவணை போட்டால் மாதம் 31 ஆயிரம். என்ஐடிக்கு, விடுதி சாப்பாடு உட்பட நாங்கள் போட்ட கணக்கு ஏழரை லட்சத்துக்குள் அடங்கியது. தவணை 12 ஆயிரத்தை ஒட்டி.

வீட்டுக்காரர் டவுன் தெற்கு ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஐஐஎம் என்ற மூன்று எழுத்தின் மேல் ஆசை. "என்ஐடின்னா இஞ்சினியரிங் காலேஜின்னுதான ஊர்ல நினைப்பாவ? ஐஐஎம்னா கேக்கவே வேண்டாம்லா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஐஐஎம் திருச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2011-இல் என்ஐடி வளாகத்திலேயே தொடங்கி, பிறகு புதுக்கோட்டைச் சாலையில் சூரியூரில் சொந்த வளாகத்துக்குப் போனது. வகுப்பு பெரியது. மார்க்கெட்டிங், ஆலோசனை வேலைகளுக்கு அந்தப் பெயர் ஒரு கதவைத் திறக்கும், பத்து வருடம் கழித்தும் திறக்கும். அங்கே படித்த இரண்டு பிள்ளைகளின் கடன் எங்கள் கிளையில் இருக்கிறது. ஒரு மாதம் கூடத் தவறியதில்லை.

வடக்கு ஐஐஎம்மை முதலில் தள்ளினோம். கட்டணம் அதே அளவு, வயது குறைவு. பெயரில் ஐஐஎம் இருப்பதாலேயே எல்லா ஐஐஎம்மும் ஒன்றாகிவிடாது. பிம் 1984-இலிருந்து இருக்கும் இடம், பெல் வளாகத்தில் வளர்ந்தது, தென்னாட்டு நிறுவனங்களில் அதன் பழைய மாணவர்கள் நிறைய. என்ஐடி மட்டும் இல்லையென்றால் அதைத்தான் நான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் மகளிடமே கேட்டேன், "ஏட்டி, உனக்கு என்ன வேலைக்குப் போகணும்?" ஆலோசனை நிறுவனமோ சோப்பு விற்பதோ இல்லை, உற்பத்தி செய்கிற கம்பெனியில் நிதிப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றாள். தாழையூத்து சிமெண்ட் ஆலையைப் பேருந்தில் பார்த்து வளர்ந்தவள், கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா சோலார் ஆலை வந்ததையும் பார்த்தவள். "31 ஆயிரம் தவணைன்னா, பிடிக்காத வேலையா இருந்தாலும் சம்பளத்துக்காக உக்காந்துருக்கணும்மா. 12 ஆயிரம்னா நான் பிடிச்ச வேலைய எடுக்கலாம்" என்றாள். நான் போட்ட கணக்கில் இது இல்லை. வீட்டுக்காரருக்கும் அதற்கு மேல் பேச்சில்லை. என்ஐடி என்று முடிவானது.

கடன் பற்றிச் சுருக்கமாக. ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் தேவையில்லை. ஐஐஎம் போன்ற முன்னணி இடங்களுக்குப் பெரிய வங்கிகள் தனிப் பட்டியல் வைத்து, முழுக் கட்டணத்தையும் அடமானம் இல்லாமலே தருகின்றன. இந்த நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது என்றால் அந்தக் கல்லூரியைப் பற்றி வங்கி தன் கருத்தைச் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் வந்த கல்லூரிகளுக்கு அடமானமும் ஆள் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள் என்று இருக்க வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு டான்செட் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு, திருநெல்வேலியிலேயே எழுதலாம், 100 கேள்வி, 2 மணி நேரம். அதை வைத்துத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குக் கலந்தாய்வு. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் எம்பிஏ உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் படித்தவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் வரிசையில் வந்து நிற்காது, தொடக்கச் சம்பளமும் சிறியது. ஆனால் கடனே இல்லாமல், அல்லது ஒன்று இரண்டு லட்சத்தில் முடிகிறது. குடும்பக் கடையைப் பெரிதாக்க நினைக்கிற பிள்ளைக்கு, ஊரில் இருந்தே வங்கியிலோ காப்பீட்டிலோ மேலே வர நினைக்கிற பிள்ளைக்கு இது போதும். 14 லட்சம் கட்டி வெளியூரில் வாங்கும் அதே 6 லட்சம் வேலைக்கு இங்கிருந்தும் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு கோப்பையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சொந்த மகள் கோப்பை நான் கையாளக் கூடாது என்பதால் பக்கத்து மேஜைக்குப் போனது. ஜூலையில் திருச்சியில் விட்டுவிட்டு வந்தோம். முதல் வருடம் முடிந்து கோடையில் எட்டுப் பத்து வாரம் ஏதாவது நிறுவனத்தில் பயிற்சி. அதற்கான தேர்வு முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது, அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படிப்பு தொடங்கி நாலு மாதத்துக்குள் பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பயிற்சியை நன்றாகச் செய்தால் அதே நிறுவனம் வேலையும் கொடுத்துவிடுவதுண்டு. அதனால் இறுதி வேலைவாய்ப்பில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. விண்ணப்பிக்கும்போது பயிற்சி விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் இரண்டு நிறுவனத்தில் இவள் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. மூன்றாவதில் குழு விவாதத்தோடு நின்றுவிட்டது. அன்றைக்குப் போனில் குரல் இறங்கிக் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். ஐந்தாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அழைப்பு. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலை, நிதிப் பிரிவு. வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். போனை வாங்கி, "ஓசூர்ல தங்குறதுக்கு இடம் அவியளே தாராவளா?" என்று கேட்டார்.

தருகிறார்களாம்.